முட்டு வட்டாரம்: ஒரு கலைச்சொல்லும் அதன் பொருளும்



ஒரு நிறுவனத்தின் பிணையத்துக்குள் இருக்கும் திசைவிகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறைகளுள் ஒன்று ஓஎஸ்பிஎஃப். அதன் இரண்டாம் பதிப்புக்கு ஜான் மோய் 1998இல் எழுதிய ஆவணமே இன்றும் அடிப்படை. பெரிய பிணையத்தை வட்டாரங்களாகப் பகுத்து, அவற்றைச் சுழிய எண் பெற்ற முதுகெலும்பு வட்டாரத்தோடு இணைப்பது அதன் முறை.

அவ்வட்டாரங்களுள் ஒரு வகையை ஆங்கிலத்தார் 'ஸ்டப்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அடிக்கட்டை' என வரும். வெட்டிய மரம் தோன்றுமேயன்றிப் பொருள் தோன்றாது. நம் தெருவழக்கில் 'முட்டுச்சந்து' இருக்கிறதே! உள்ளே போகலாம், ஊடே கடந்து அப்பால் போக இயலாது. ஆகவே இதனை 'முட்டு வட்டாரம்' என்கிறேன்.

இதன் பயனை நம் தீவே காட்டும். ஜெலுத்தோங்கிலிருந்து காரில் ஈப்போ செல்பவர்க்கும் மலாக்கா செல்பவர்க்கும், தீவுக்குள் இருக்கும்வரை, 1985இல் திறந்த பாலத்துக்கு வழி தெரிந்தால் போதும். அவ்வாறே எல்லைத் திசைவி, வெளிப்பிணைய வழிகளை உள்ளே விடாமல், 'அவற்றுக்கெல்லாம் என்னிடம் வருக' என ஒற்றை இயல்பு வழியை அறிவிக்கும். பிற வட்டாரங்களின் வழிகளையும் தடுத்தால் அது முழுமுட்டு வட்டாரம். சிறிய திசைவிகளின் நினைவகச் சுமை குறையும்.

இழப்பும் உண்டு. 2014இல் பத்து மாவுங்கிலிருந்து இரண்டாம் பாலம் வந்தது. 'அருகிலுள்ள பாலம்' என்பதை மட்டுமே அறிந்த பத்து மாவுங்வாசி, பட்டர்வொர்த்துக்கும் அதிலேயே ஏறிச் சுற்றுவார். எல்லைத் திசைவிகள் இரண்டுள்ள முட்டு வட்டாரத்திலும் இது நேரும்.

அமைவாக்கத்தில் ஒன்று முதன்மையானது. 'இது முட்டு வட்டாரம்' என்பதை அதிலுள்ள திசைவிகள் அனைத்தும் ஒருங்கே ஏற்க வேண்டும். அவை பரிமாறும் முகமன் செய்தியில் இதற்கென ஒரு குறி உண்டு. குறி மாறுபட்டால் அண்டைத் திசைவிகள் உறவு கொள்ளா. கம்பியில் பழுதில்லாமலே பிணையம் அறுந்து கிடக்கும். பொருள் விளங்காத சொல்லை மனப்பாடம் செய்த பொறியாளர் அப்போது கம்பியைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்.

மற்றொரு வகைக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் வேடிக்கையானது: 'அவ்வளவு முட்டில்லாதது'. 1994இல் வரையறுத்து 2003இல் திருத்தினர். வட்டாரம் முட்டுதான், ஆயினும் அதன் ஓரத்தில் வேறொரு பிணையம் வந்து இணைகிறது. பினாங்குக்குக் கடல்வாயில் இருப்பதுபோல எனலாம். சென்னையிலிருந்து கடலடித் தந்திக்கம்பி 1870இலேயே இங்கு நீண்டது. இன்று வங்காள விரிகுடாக் கேபிளும் பினாங்கில் கரையேறுகிறது. (அத்தகைய பெருந்தடங்களுக்கு நெறிமுறை வேறு, உவமை அளவில் கொள்க.) அவ்வாயில் வழி அறிந்தவற்றை வட்டாரத்துக்குள் ஏழாம் வகை அறிவிப்பாகப் பரப்புவர், எல்லைத் திசைவி அதனை ஐந்தாம் வகையாக மாற்றி முதுகெலும்புக்குத் தரும். வெளியிலிருந்து ஐந்தாம் வகை உள்ளே வாராது. சில திசைவிகளில் இவ்வட்டாரத்துக்கு இயல்பு வழி தானாகக் கிடைப்பதில்லை. தனிக்கட்டளை இட வேண்டும்.

'அவ்வளவு இல்லாதது' என்னும் எதிர்மறையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? உள்ளதைச் சொல்லி, 'வாயிலுடை முட்டு வட்டாரம்' என வழங்கலாம் என்பது என் கருத்து. இதனினும் பொருத்தமான சொல்லை இவ்வவை தருமாயின் அதனையே ஏற்பேன்.