பூச்சுக்கு அப்புறம் போட்ட துளை

இன்னைக்கு நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசப்போறேன்.

கணியம்பாடியில எனக்கு ஒரு சின்ன பேனல் போர்டு பட்டறை. ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்புக்கு மோட்டார் பேனல் செஞ்சு கொடுத்தேன். எர்த் கட்டை, நிக்கல் பூசின அலுமினியம். கடைசி நேரத்துல இன்னொரு டிரம் மோட்டார் சேர்ந்துச்சு. அதோட எர்த் ஒயருக்காக அங்கேயே கட்டையில துளை போட்டு போல்ட்டை முறுக்கினேன். மல்டிமீட்டர் 0.3 ஓம் காட்டுச்சு. கிளம்பிட்டேன்.

மழைக்காலம் முடிஞ்சதும் போன். "அண்ணா, அந்த மோட்டாரைத் தொட்டா சுர்ருங்குது." ஈரத் தரை, ஈரக் கை. எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

போய்க் கழட்டிப் பார்த்தேன். நிக்கல் பளபளன்னுதான் இருந்துச்சு. ஆனா நான் போட்ட துளையைச் சுத்தி அப்பளம் மாதிரி உப்பி, அடியில வெள்ளைப் பொடி.

காரணம் இதுதான். அலுமினியம் காத்து பட்டவுடனே மேலே ஆக்சைடு படலம் கட்டும். அது மின்சாரத்தைக் கடத்தாது. அதைத் தடுக்கத்தான் நிக்கல் பூச்சு. துளை போட்டதும் உள்ளே இருந்த அலுமினியம் வெளியே வந்துடுச்சு. தோலைப் பதப்படுத்த உப்புதான் போடுறாங்க, அங்கே ஈரம் எல்லாமே உப்புத்தண்ணி. ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணியும் சேர்ந்தா ஒரு பேட்டரி. அதுல கரையுறது அலுமினியம். அரிப்பு நிக்கலுக்கு அடியிலயே ஊர்ந்து போகும்.

சரி, மீட்டர் ஏன் நல்லா காட்டுச்சு? முதல்நாள் இணைப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அதோட, அந்த 0.3 மீட்டரோட ஒயருக்கே உள்ளது. ரெண்டு முனையையும் ஒட்டி வெச்சுப் பாருங்க, அதே அளவு காட்டும். நல்ல இணைப்பு மில்லி ஓமுக்கும் கீழே இருக்கணும். அதை அளக்க நாலு ஒயர் மைக்ரோ ஓம் மீட்டர் வேணும். பவர் லைன்லயும் இதே கதைதான்: 100 ஆம்பியர் போற இடத்துல 1 மில்லி ஓம் இருந்தா 10 வாட் சூடு.

அதனால துளை, மரை எல்லாம் பூச்சுக்கு முன்னாடியே போட்டுடுங்க. நிக்கலை எமரி ஷீட் போட்டுத் தேய்க்காதீங்க. துளை மறந்துட்டீங்களா, கட்டையை மாத்துங்க. நான் ஈயம் பூசின செம்புக் கட்டை போட்டேன்.

அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆகலை. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.