விடுதி அறையும் உடைமைக் காப்பீடும்

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் தொடங்கிக் கிணத்துக்கடவு வட்டாரம் வரை கல்லூரிகள் பெருகியதால், வெளியூர் மாணவர் பலர் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, மடிக்கணினி, கைப்பேசி முதலிய விலைமிக்க உடைமைகளை ஒரு பூட்டை நம்பி வைத்துச் செல்கின்றனர்.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 'பாரத் கிருக ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தில், கட்டடத்தைச் சேர்க்காமல் உள்ளிருக்கும் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்க இயலும் என்பதால், அது வாடகைக்குக் குடியிருப்போருக்கும் உதவும். ஆயினும் அது தீ, வெள்ளம், புயல் போன்ற இடர்களுக்கே உரியது. அத்தகைய இடரின் விளைவாக 7 நாள்களுக்குள் நிகழும் திருட்டுக்கு மட்டுமே அதில் இழப்பீடு உண்டு.

பூட்டை உடைத்தோ வன்முறையாலோ உள்ளே நுழைந்து திருடுவதாகிய கன்னக்களவுக்குத் தனிப் பாலிசி தேவை. அதிலும், திறந்து கிடந்த அறையில் சார்ஜரில் செருகியிருந்த கைப்பேசியை உடன் தங்கியவரைப் போல ஒருவர் நுழைந்து எடுத்துச் சென்றால், உடைத்த தடயம் இல்லையென்று கோரிக்கை பொதுவாக மறுக்கப்படும். விடுதி வாழ்க்கையில் மிக எளிதாக நேரக்கூடிய இழப்பே காப்பின்றி நிற்பது வருந்தத்தக்க குறையாகும். ஆகவே எடுத்துச் செல்லும் கருவிகளுக்கான பாலிசியை நாடுவோரும் 'திருட்டு' என்னும் சொல்லுக்கு அதில் தரப்பட்ட வரையறையைப் படித்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

வாங்கிய ரசீதின் நகலையும், கைப்பேசியில் *#06# என அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் ஊரிலுள்ள பெற்றோரிடம் கொடுத்து வைத்தால், காவல் நிலையப் புகாருக்கும் காப்பீட்டுக் கோரிக்கைக்கும் அவை உடனே கைகொடுக்கும்.