முதலாளிகளின் இரகசியச் சங்கம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இரவு ஷிப்டு பார்த்தும், நாற்று நட்டும் சேர்த்த காசில் நம் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கிறோம். அந்தத் தொழிலில் சேர்ந்தவர்கள் மத்தியில் ஒரு வாதம் பலமாக இருக்கிறது. "எங்களுக்குச் சங்கம் தேவையில்லை. சம்பளம் போதவில்லையென்றால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவோம்" என்கிறார்கள். இதை நாம் கேலி செய்து தள்ளிவிடக் கூடாது. அத்தொழிலின் தலைமைப் பீடமான அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் நடந்ததைக் கொண்டே இதற்குப் பதில் காண்போம்.

கதவு திறந்திருந்த காலம்

அங்கே சிலிக்கன் பள்ளத்தாக்கு என்றொரு பகுதி உண்டு. 1957-ல் ஷாக்லி என்ற விஞ்ஞானியின் நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி, ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் இருவர் 1968-ல் அங்கிருந்தும் வெளியேறி இன்டெல் கம்பெனியைத் தொடங்கினார்கள். விலகிப் போகிறவன் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினால் அது செல்லாது என்பது அம்மாகாணத்தில் 1872 முதல் இருந்துவரும் சட்டம். ஆகவே, தொழிலாளி இஷ்டப்படி விலகிப் போகலாம் என்ற உரிமையில்தான் அந்தப் பள்ளத்தாக்கே வளர்ந்தது.

வேலையில் இருக்கும் இன்ஜினீயரை வேறொரு கம்பெனி தானாகவே அழைத்து, "கூடுதல் சம்பளம் தருகிறோம், வருகிறாயா?" என்று கேட்கும். அவன் போகாவிட்டாலும் தன் விலை என்ன என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து மேஜைக்காரனுக்கும் சொல்வான். பிறகு அந்தப் பகுதி முழுவதற்கும் சம்பளத்தை உயர்த்தியாக வேண்டும். முதலாளிகளுக்கு உறுத்தியது இதுதான்.

கதவைச் சாத்தினார்கள்

2005-ல் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸும் கூகுள் கம்பெனியாரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உன் ஆளை நான் அழைப்பதில்லை. என் ஆளை நீ அழைக்காதே. இதுதான் உடன்பாடு. இன்டெல், அடோபி, இன்ட்யூட், பிக்சார், லூகாஸ்ஃபிலிம் ஆகிய கம்பெனிகளும் இத்தகைய உடன்பாடுகளில் இருந்தன. சந்தையில் போட்டியாளர்கள், ஆனால் கூகுளின் தலைவர் எரிக் ஷ்மிட் ஆப்பிளின் டைரக்டர் போர்டில் உட்கார்ந்திருந்தார். இன்டெலின் தலைவர் கூகுளின் போர்டில் உட்கார்ந்திருந்தார். வழக்கு வந்துவிடுமென்று அஞ்சிய ஷ்மிட், இந்த விஷயத்தைக் காகிதத்தில் வைக்காமல் வாய்மொழியாகவே முடிக்க விரும்பினார் என்பதும் கோர்ட்டு ஆவணங்களில் இருக்கிறது.

2007-ல் ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்த கூகுள் ஊழியர் ஒருவர் ஆப்பிளின் இன்ஜினீயரை அழைத்துவிட்டார். ஜாப்ஸ் ஷ்மிட்டுக்கு எழுதினார். அந்த ஊழியரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை நீக்கம் செய்வதாகக் கூகுளின் அதிகாரி தெரிவித்தார். அதை ஜாப்ஸ் தம் கம்பெனி அதிகாரிக்கு அனுப்பியபோது சேர்த்தது ஒரு சிரிப்புக் குறி மட்டுமே! தன் வேலையைச் செய்ததற்காக ஒரு தொழிலாளியின் பிழைப்பு போனது. முதலாளிக்கு அது சிரிப்பு.

அதே ஆண்டு பாம் என்ற சிறிய கம்பெனி இந்த ஏற்பாட்டுக்கு இணங்க மறுத்தது. இது சட்டவிரோதமாகவும் இருக்கக்கூடும் என்றது. உடனே காப்புரிமை வழக்குப் போடுவோம் என்று ஜாப்ஸ் மிரட்டினார்.

கோர்ட்டில் கிடைத்தது

2010 செப்டம்பரில் அமெரிக்க சர்க்காரின் நீதி இலாகா ஆறு கம்பெனிகள் மீது நடவடிக்கை எடுத்தது. "இனிச் செய்ய மாட்டோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. பிறகு 2011-ல் ஐந்து இன்ஜினீயர்கள் முன்வந்து, எல்லோருக்காகவும் வழக்குத் தொடுத்தார்கள். பாதிக்கப்பட்டோர் 64,000 பேருக்கு மேல். அவர்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் 300 கோடி டாலர் வரை என்று அவர்கள் தரப்பு நிபுணர் கணக்கிட்டார். நான்கு பெரிய கம்பெனிகள் 32.45 கோடி டாலருக்கு முடிக்கப் பார்த்தன. வழக்காளிகளில் ஒருவரே இது போதாது என்று எதிர்த்தார். 2014-ல் நீதிபதி லூசி கோவும் அதை நிராகரித்தார். கடைசியில் 2015-ல் 41.5 கோடிக்கு முடிந்தது. வக்கீல் செலவு போக ஆளுக்குச் சராசரி ஏழாயிரம் டாலருக்கும் குறைவு. எந்த முதலாளியும் சிறைக்குப் போகவில்லை.

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இந்த ஏற்பாட்டில் சேர மறுத்த கம்பெனி பேஸ்புக். தன் ஆட்கள் அங்கே போகத் தொடங்கியதும், 2010 நவம்பரில் கூகுள் தன் ஊழியர் அனைவருக்கும் 10 சதவீதச் சம்பள உயர்வு அறிவித்தது. கொடுக்கப் பணம் எப்போதும் இருந்தது. கொடுக்க வைக்கும் நிர்ப்பந்தம்தான் இல்லாதிருந்தது.

நாம் கற்க வேண்டியது

தோழர்களே, விலகிப் போகும் உரிமை நல்ல உரிமை. ஆனால் தனி ஆளாகப் போகிறவனுக்கு முன்னால், முதலாளிகள் கூட்டாகக் கதவைச் சாத்திவிட முடியும். 1960-களில் கீழத்தஞ்சை மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று கூடியது எதற்காக என்று விவசாயத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளிக்குச் சங்கம் வேண்டாம் என்று உபதேசிக்கிறவர்கள் தங்களுக்கு ஒருபோதும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

சம்பளம் உயர்ந்தால் வர்க்கம் மாறிவிடாது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய்க் கம்பெனி சுமார் 12,000 பேரை வெளியேற்றுவதாக அறிவித்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. 2022-ம் ஆண்டுக்கு அவருக்குக் கணக்கிடப்பட்ட ஊதியம், பெரும்பாலும் பங்குகளாக, சுமார் 22.6 கோடி டாலர். நம்மூர்க்காரர் தலைமையில் இருந்தால் ஆட்குறைப்பு நின்றுவிடும் என்று எண்ணுவோருக்கு இதுவே பதில்.

அங்கேயும் விழிப்பு வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அதே கம்பெனியின் ஊழியர்கள் சில நூறு பேர் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். ஒப்பந்தத் தொழிலாளரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் இது சிறு தொடக்கம்தான். நம் ஆலைச் சங்கங்களும் ஒரு சிலரோடு, கேட்டுக்கு வெளியே நின்று தொடங்கியவைதான்.

ஆகவே, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர்களை "பெரிய சம்பளக்காரர்கள்" என்று ஒதுக்காதீர்கள். இந்த வழக்கின் கதையைச் சொல்லுங்கள். பக்கத்து மேஜைக்காரனுக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, எந்த நிபந்தனையில் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்கட்டும். சங்கம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.