கிட்டார் பயிலும் பிள்ளைகளும் பெற்றோரின் பொறுமையும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கைச் சேர்ந்த சில பிள்ளைகள் கிட்டார் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆசிரியர் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருகிறார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்தும் இருவர் பேருந்து பிடித்து இறங்கி வருகிறார்கள். இது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "சாமி, மூணு மாசமா பீஸ் கட்டுறோம், பஸ் செலவு வேற. இன்னும் ஒரு பாட்டுகூட வரலையே, நிறுத்திடலாமா?" மரவள்ளி விற்ற காசில் பிள்ளைக்குப் பாடம் வைப்பவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. அதற்குப் பதில் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கிட்டார் வாசிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. நம் பாடகர் குழுவில் நீங்கள் பார்ப்பது ஒரு வழி. இடக்கையால் சில சுரங்களைச் சேர்த்து அழுத்தி, வலக்கையால் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர வருடி, பாட்டுக்குத் துணை நிற்பது. ஆறேழு வாரங்களில் ஓரளவு கைவந்துவிடும். மற்றது கிளாசிக்கல் கிட்டார். அதில் ஒரே ஆள் ராகத்தையும், அதற்கு அடியில் ஓடும் கீழ்க்குரலையும், நடுவில் நிற்கும் இசைவையும் விரல் விரலாகப் பிரித்து வாசிக்க வேண்டும். நம் பிள்ளைகள் கற்பது இந்த இரண்டாவது வழி. ஒரு குழுவே செய்கிற வேலையை இரண்டு கைகளுக்குப் பழக்க மூன்று மாதம் போதுமா?

அந்த மூன்று மாதத்தில் பிள்ளை என்னதான் செய்தது என்று கேட்பீர்கள். முதலில் உட்காரக் கற்றது. இடது காலைச் சிறு முக்காலி மேல் வைத்து, கருவியை இடது தொடையில் தாங்கி, முதுகு வளையாமல், தோள் தூக்காமல் உட்கார வேண்டும். பிறகு வலக்கை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் நான்குக்கும் தனித்தனி வேலை. ஒரே விரலால் அடுத்தடுத்துத் தட்டாமல், ஆள்காட்டி, நடு என்று மாற்றி மாற்றி மீட்ட வேண்டும். காலால் நடப்பது போலத்தான். ஒற்றைக் காலால் நொண்டிக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது. பிறகு இடக்கை. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்ற உலோகக் கம்பிகள் கிட்டாரின் கழுத்திலும் உண்டு. அந்த மெட்டுக்குச் சற்றே பின்னால் விரல்நுனியை வைத்தால் சிறிய அழுத்தமே போதும். தள்ளி வைத்தால் எவ்வளவு அழுத்தினாலும் கம்பி கரகரக்கும். இவற்றோடு ஐந்து கோட்டில் எழுதிய இசையைப் படிக்கவும் பிள்ளை கற்கிறது. வீட்டில் உங்கள் காதில் விழுவது "டங், டங்" என்ற ஒற்றை ஒலிதான். கட்டடம் எழும் முன் கடைக்கால் போடுகிறார்கள். மண்ணுக்குள் நடப்பது வெளியே தெரியாது.

ஸ்பெயின் நாட்டில் மொன்செராட் என்ற மலையில் புகழ்பெற்ற மடம் ஒன்று உள்ளது. அங்கே சிறுவனாக இசை பயின்ற ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) பிற்காலத்தில் கிட்டாரின் பேராசான்களில் ஒருவரானார். தொடக்க மாணவருக்காக அவர் எழுதிய 25 பாடங்களின் தொகுப்பு இன்றும் பயன்படுகிறது. அதன் ஆரம்பப் பாடங்கள் ஒரு நேரத்தில் ஒரே சுரமாகத்தான் போகின்றன. அத்தனை பெரிய கலைஞர் அங்கிருந்துதான் தொடங்கச் சொன்னார்.

"புத்தகம் இருக்கிறது, செல்போனில் ஆயிரம் பாடம் இருக்கிறது, ஆசிரியருக்கு ஏன் பணம்?" என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். நானும் ஐம்பதைத் தாண்டிய பின் இதே கருவியை ஓர் ஆசிரியரிடம் கற்கிறேன். குருமடத்தில் ஆர்மோனியம் பழகிய கைதான். ஆனாலும் முதல் ஆறு வாரம் எனக்குத் திறந்த கம்பிகள் மட்டுமே. வாசிக்கிறபோது நம் மணிக்கட்டு எப்படி வளைந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. நம் கண் ஏட்டில் இருக்கிறது. காது நாம் கேட்க விரும்பியதைக் கேட்கிறது. அருகில் அமர்ந்தவர் "கட்டை விரலைத் தளர்த்துங்கள்" என்று சொன்ன மாத்திரத்தில் ஒலி மாறுகிறது. புத்தகம் என் கையைப் பார்ப்பதில்லை. தவறான பிடி ஆறு மாதம் ஊறிவிட்டால் அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். கையில் வலியும் வந்து சேரும்.

இது நம் ஊருக்குப் புதிய பாடம் அல்ல. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடிக்கும் கோணத்தை எந்த ஏட்டால் கற்பிக்க முடியும்? பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் கையைப் பார்த்து, தன் கையை அவர் பார்க்கக் கொடுத்துத்தான் அந்தத் தொழில் வளர்கிறது.

"செகோவியா தானாகவே கற்றாரே" என்று விவரம் தெரிந்த ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். ஆந்த்ரே செகோவியா (1893–1987) பெரும்பாலும் தன் முயற்சியால் கற்றவர் என்பது உண்மைதான். ஆனால் நம் தமிழ்நாட்டு உதாரணத்தைப் பாருங்கள். தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, பதினான்கு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் மேடைகள் கண்டவர். அப்படிப்பட்டவர் 1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாக அமர்ந்து மேல்நாட்டு இசையை முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். அவர் எழுதிய சிம்பொனி லண்டனில் ஒலித்தது 2025 மார்ச் 8-இல். பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கே ஆசிரியர் தேவைப்பட்டார் என்றால், நேற்றுத் தொடங்கிய நம் பிள்ளைக்குத் தேவையில்லையா?

பாடகர் குழுத் தலைவருக்கும் ஒரு வார்த்தை. 1963-இல் வெளியான வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் அளித்து, வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் வழிவிட்டது. அதனால்தான் கிட்டார் பீடத்தருகே வந்தது. ஆனால் "கிறிஸ்துமசுக்கு ஆள் வேண்டும்" என்று இந்தப் பிள்ளைகளை இப்போதே இழுக்காதீர்கள். அவசரத்தில் கம்பியை வருடப் பழகிய கை, விரல் விரலாக மீட்டும் பொறுமையை இழந்துவிடும். பழம் கனியட்டும்.

பெற்றோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் மேலானது. "எந்தப் பாட்டு வரும்?" என்று கேட்காமல், "இந்த வாரப் பாடத்தை மெதுவாக வாசி, கேட்கிறேன்" என்று சொல்லி அருகில் உட்காருங்கள். இடக்கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கிட்டாரைத் தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் படும் சன்னலோரமோ வைக்காதீர்கள். மரம் காய்ந்து வெடிக்கும். மலையில் மூடுபனி நாட்களில் உறைக்குள் வைத்து மூடுங்கள். முக்கியமாக, நைலான் கம்பிக்குச் செய்த கருவியில் எஃகுக் கம்பி கட்டாதீர்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு இழுக்கின்றன. எஃகு அதைவிட வெகு அதிகமாக இழுத்து, கம்பி கட்டிய பாலத்தையே பெயர்த்துவிடும்.

ஆசிரியரையும் கேள்வி கேளுங்கள். பிள்ளையின் கையைத் தொட்டுத் திருத்துகிறாரா? வீட்டுக்கு என்ன பயிற்சி என்று எழுதித் தருகிறாரா? சென்ற வாரத்துப் பாடத்தைக் கேட்ட பிறகே புதியதைத் தொடங்குகிறாரா? இம்மூன்றும் நடந்தால் உங்கள் பணம் வீண் போகவில்லை. நடக்காவிட்டால் வேறு ஆசிரியரைத் தேடுவதில் குற்றமில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: ஓராண்டு பொறுங்கள். மலையிலிருந்து வரும் இரு பிள்ளைகளின் பேருந்துச் செலவை அந்த ஓராண்டுக்கும் பங்கு ஏற்றுக்கொள்ளும். பங்குப் பேரவை இசைந்துவிட்டது. ஆண்டு முடிவில் எல்லாப் பிள்ளைகளும் நம் மண்டபத்தில் தனித்தனியே ஆளுக்கொரு சிறு பாடம் வாசிக்கட்டும். எட்டு வரிப் பாடமானாலும் போதும். அதைக் காதால் கேட்ட பிறகு, தொடர்வதா நிறுத்துவதா என்பதைப் பிள்ளையோடு பேசி நீங்களே முடிவு செய்யுங்கள். அதுவரை வீட்டில் கேட்கும் அந்த ஒற்றை ஒலியைச் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.