தராசில் நிற்காத நகைகள்

(நூற்றாண்டு விழாவையொட்டி, நோயுற்ற பிள்ளைகளின் உதவிக்காக நடத்தப்பட்ட பழைய கவரிங் நகை ஏலத்தின் தொடக்கத்தில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மேசையில் ஒரு குண்டுமணித் தங்கமும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவரிங் அட்டியல், கண்ணாடிக்கல் புறோச், பாசிமணி மாலை, அரங்கேற்றத்துக்கு வாங்கிய நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். இவற்றுக்கு அடைவுகடைக்காரர் தராசையே எடுக்கமாட்டார்.

ஆனால் 1996 இல் நியூயோர்க்கில் ஜக்குலின் கென்னடியின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது, அவருடைய மூன்று சரப் போலி முத்துமாலை 211,500 டொலருக்குப் போனது. முன்மதிப்போ ஆயிரம் டொலரைக்கூடத் தொடவில்லை. அவருடைய சின்ன மகன் முத்துமாலையைப் பிடித்து இழுக்கும் புகைப்படத்தை உலகமே பார்த்திருந்தது. அந்த நினைவுக்குத்தான் விலை.

அதனால்தான் நகையோடு அதன் கதையையும் ஒரு துண்டில் எழுதித் தரும்படி உங்களிடம் கேட்டோம். என்னுடையது ஒரு சோடித் தோடு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் அம்மாவின் தங்கம் ஒவ்வொன்றாக அரிசியாகவும் வாடகையாகவும் கரைந்தது. விற்க முடியாத இந்தத் தோடு மட்டும் மிஞ்சியது. இதைப் போட்டுக்கொண்டுதான் பரீட்சை எழுதினேன். இன்று காலை வரை இதைக் கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு அந்தத் தாய்மாரை நினைத்தேன். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் சிறுவர்களில் அதிகம் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். தூரத்துக் கிராமத்திலிருந்து மஹரகம வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் தாய்க்குப் பஸ் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் இல்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமடைகிறார்கள். வசதி குறைந்த நாடுகளில் பல பிள்ளைகளை இழப்பதற்குச் சிகிச்சை இடையில் நின்றுபோவதும் ஒரு காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து இருந்தும் பஸ் காசில்லாமல் ஒரு பிள்ளை திரும்பி வராதிருக்கலாமா?

இன்று சேரும் பணம் அந்தப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, உங்கள் பெட்டியடியிலும் ஒரு நடன நகை கறுத்துக் கிடக்கும். துடைத்து அனுப்புங்கள், கதையையும் மறக்காமல் எழுதுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்வதற்கு இது கடையல்ல. தாராளமாகக் கேளுங்கள்.

முதலில் என் தோட்டையே எடுங்கள். மனம் மாறுவதற்குள் ஏலம் தொடங்கட்டும்.