வேலை மாறும் முன் விசாவைப் பாருங்கள்

 

எண்ணூரில் வேலை பிடிக்கவில்லையா? நோட்டீஸ் கொடுத்துவிட்டு மணலிக்கு மாறிவிடலாம். யாரும் கேட்க மாட்டாங்க. வெளிநாட்டில் அப்படியில்லை. விசா நம்ம பாஸ்போர்ட்டில் இருந்தாலும், அதற்குப் பொறுப்பாளி கம்பெனிதான்.

2012-ல் நான் கத்தாரில் இருந்தேன். வேறொரு கம்பெனி நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டது. பழைய கம்பெனி 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் தர மறுத்துவிட்டது. கடிதம் இல்லாமல் ஊர் திரும்பினால், மறுபடி வேலைக்குப் போக இரண்டு வருஷம் தடை. வீட்டுக் கடனை நினைத்து அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

2020-ல் அங்கே சட்டம் மாறியது. இப்போது அந்தக் கடிதம் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் வரை என்றால் ஒரு மாத நோட்டீஸ். அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம். தொழிலாளர் அமைச்சகம் வழியாக மாற வேண்டும். சொல்லாமல் கிளம்பினால், 'ஓடிப்போனவர்' என்று கம்பெனி புகார் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் எச்-1பி விசாக்காரர், புதுக் கம்பெனி மனு தாக்கல் செய்த பிறகே அங்கே வேலை தொடங்கலாம். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இங்கிலாந்தில் புது அனுமதி வரும்வரை புது வேலையில் சேரவே கூடாது.

ஆகவே, புதுக் கம்பெனியின் காகிதம் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீங்க. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல் ஊரில் வீட்டிலும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால், அந்த நாட்டிலிருக்கும் நம் மூத்த மாணவர்களைக் கூச்சப்படாமல் கேளுங்க. சங்கம் அதுக்குத்தானே!