தொண்டுக்கும் படிப்பு உண்டு, சம்பளமும் உண்டு
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால், டாக்டராகுங்கள், வழக்கறிஞராகுங்கள், எஞ்சினியராகுங்கள் என்று பேசுவது வழக்கம். நானும் அப்படிப் பேசியவன்தான். இன்று வேறொரு படிப்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் சமூகப் பணி. மலாயில் ‘கெர்ஜா சோசியல்’ என்பார்கள். இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் செய்த இரண்டு தவறுகளே தகுதி.

முதல் தவறைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு படித்த பையன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். தகப்பனார் பாரிசவாதம் வந்து பாயில் கிடந்தார். தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போய்விட்டார். பையன் தகப்பனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். என் மனம் பதறியது. ஆசிரியர்கள் சேர்ந்து காசு போட்டோம். ஒரு மூட்டை அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். பெரிய தொண்டு செய்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை. அரிசி ஒரு மாதம் வந்தது. பையன் பள்ளிக்கு வரவில்லை.

பிறகு தகப்பனாரை அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, அங்கே மருத்துவச் சமூகப் பணி அதிகாரியாக இருந்த ஓர் அம்மையார் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “எத்தனை வருசமா வேல செஞ்சீங்க? பெர்க்கேசோ புடிச்சாங்களா? சம்பளச் சீட்டு இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பாரங்களை நிரப்ப உதவினார். எந்த மருத்துவச் சான்று வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று தாயாருக்கு விளக்கினார். சில மாதங்களில் பெர்க்கேசோவின் இயலாமை ஓய்வூதியம் மாதந்தோறும் வரத் தொடங்கியது. பையன் பள்ளிக்குத் திரும்பினான்.

அன்பர்களே, நான் கொடுத்தது ஒரு மாத அரிசி. அந்த அம்மையார் வாங்கிக் கொடுத்தது அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய உரிமை. அவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த காசுக்கு உரிய பலன் அது. அது இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இரக்கம் எனக்கும் இருந்தது. படிப்பு அவருக்கு இருந்தது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்க இடம் கிடைத்த கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கூடவே தகப்பனாரும் வந்தார். அவர் குலை வெட்டும் தொழிலாளி. “சார், ஊருக்கு ஒழைக்கிறதுக்கு எதுக்கு சார் யூனிவர்சிட்டி? அதான் கோயில்ல சும்மாவே செய்றோமே! இதுல சம்பளம் கெடைக்குமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். “அடுத்த வருசம் வேறு படிப்புக்கு மனுச் செய்யலாமே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மாணவனைப் பள்ளிக்கு மீட்டுக் கொடுத்தவரே இந்தப் படிப்புப் படித்தவர் அல்லவா? மறுநாள் பள்ளி விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினேன். அன்று முதல் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

இது நேற்று முளைத்த படிப்பு அன்று. சமூகநல இலாகா நம் நாட்டில் 1946-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டமாக இந்தப் படிப்பு 1975-இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமானது. இன்று வேறு பல அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் இதைப் படிக்கலாம். வகுப்பில் உட்கார்ந்து படித்தால் மட்டும் போதாது. மருத்துவமனை, இல்லம், சமூகநல அலுவலகம் என்று நேரில் போய்ப் பயிற்சியும் பெற வேண்டும்.

படித்தவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? முதலாவது, சமூகநல இலாகா. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்கீழ் கொடுமைக்குள்ளான பிள்ளைகளை மீட்கும் பாதுகாவலர்கள் இந்த இலாகாவின் அதிகாரிகளே. தவறு செய்த சிறுவன் நீதிமன்றத்துக்குப் போனால், அவனுடைய வீட்டு நிலையை விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை எழுதுபவர் நன்னடத்தை அதிகாரி. அதுவும் இந்த இலாகாவின் வேலைதான். முதியோர் இல்லம், சிறுவர் இல்லம் ஆகியவற்றிலும் இலாகாவுக்கு ஆள் தேவை.

இரண்டாவது, நான் சொன்ன அம்மையாரைப் போல அரசாங்க மருத்துவமனைகளில் வேலை. மூன்றாவது, பெர்க்கேசோ. விபத்தாலும் நோயாலும் வேலை இழந்தவரை மீண்டும் வேலைக்கு அனுப்பும் திட்டத்தை அது 2007-இல் தொடங்கியது. ஒவ்வொரு தொழிலாளியின் விவகாரத்தையும் கூடவே இருந்து கவனிக்க அதில் அதிகாரிகள் இருக்கிறார்கள். நான்காவது, போதைப்பொருள் தடுப்பு நிறுவனம். ஐந்தாவது, பெண்கள், பிள்ளைகள், உடற்குறையுள்ளோர் ஆகியோருக்காக நடக்கும் தனியார் தொண்டு நிறுவனங்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆலோசகர், அதாவது கவுன்சிலர் வேலை வேறு. அதற்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் படிப்பும் பதிவும் வேண்டும்.

இனி, அந்தத் தகப்பனார் கேட்ட சம்பளக் கேள்விக்கு வருகிறேன். அரசாங்கத்தில் பட்டதாரிகளுக்கான இந்தப் பதவி முன்பு எஸ் 41 எனப்பட்டது. அப்போது அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளியில் ஆரம்பித்தது. அதற்கு மேல் வீட்டுப்படி, வாழ்க்கைச் செலவுப் படி முதலியவை உண்டு. 2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து அரசாங்க ஊழியர்களுக்குப் புதிய சம்பளத் திட்டம் வந்து, அடிப்படைச் சம்பளம் கூடியிருக்கிறது. பழைய 41-ஆம் படி இப்போது 9-ஆம் படி எனப்படுகிறது. ஆண்டுதோறும் உயர்வு, மருத்துவ வசதி, பதவி உயர்வுக்கு வழி எல்லாம் உண்டு. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனங்களில் சம்பளம் ஒரே மாதிரி இராது. பல இடங்களில் அரசாங்கத்தைவிடக் குறைவு. நன்கொடை வரும் வரைக்கும்தான் என்று ஒப்பந்தத்தில் எடுப்பவர்களும் உண்டு. ஆகவே நேர்முகத்தின்போது, ஊழியர் சேமநிதி உண்டா, பெர்க்கேசோ உண்டா, வீடு வீடாகப் போய்வரப் பெட்ரோல் காசு யார் தருவார்கள் என்று கூசாமல் கேளுங்கள். அரசாங்க வேலையும் பட்டம் வாங்கிய மறுநாளே வந்துவிடாது. பொதுச் சேவை ஆணையத்துக்கு மனுச் செய்து, சோதனை எழுதி, நேர்முகத்துக்குப் போக வேண்டும். வேலையும் சுலபமன்று. பிறர் துன்பத்தைத் தினம் கேட்டு, வீட்டுக்கு வந்து சோறு இறங்காத நாளும் உண்டு என்று அந்த அம்மையாரே என்னிடம் சொன்னார்.

மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் வாங்குங்கள். அரசாங்க வேலைக்கு அது முக்கியம். அதற்குப் பிறகு எஸ்.டி.பி.எம். படிக்கலாம். ஆறாம் படிவம் அரசாங்கப் பள்ளியில் இருப்பதால் செலவு குறைவு. பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கடன் கிடைக்கும். ஆனால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பெற்றோர்களே, தமிழையும் மறந்துவிடாதீர்கள். நம் பாட்டிமார்கள் அலுவலகத்துக்குப் போனால், தங்கள் கஷ்டத்தை மலாயில் சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கத்தில் “வாங்க பாட்டி, உக்காருங்க” என்று சொல்ல ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால் எப்படி இருக்கும்!

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். அவர் நமக்குப் பிச்சை வாங்கித் தரவில்லை. நம் காசில் நம்மை நிமிர வைத்தார். சமூகப் பணியும் அப்படித்தான்.

அந்தப் பிள்ளை என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கடிதத்துக்குப் பதில் எழுதக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். “நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்” என்றேன். விசாரித்ததையெல்லாம் சொன்னேன். தகப்பனார் வெகுநேரம் யோசித்துவிட்டு, “சரி சார், போவட்டும்” என்றார். இன்று அவர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. தகப்பனார் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் ஒரு கடிதத்தோடு உங்கள் முன் வந்து நின்றால், தெரியாத படிப்பு என்பதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் பொறுத்து விசாரியுங்கள். விசாரிக்க ஆளில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். எங்களுக்கும் தெரியாவிட்டால், சேர்ந்தே போய் விசாரிப்போம்.

 வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!